பொழுது சாயாத ஊரில் தெய்வநாயகி

ஆரணி கொசப்பாளையத்தில் தெய்வநாயகியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவள் புருஷன் இராஜமாணிக்கம். அவருக்கு ஒரு காது மந்தம். நல்ல காதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். இன்னொருவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சிவப்பிரகாசம், பட்டுப்புடவை வியாபாரி. அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஆனால் எருமைமாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

தெய்வநாயகி பொல்லாதவள் என்று தெருவில் பெயர். பொல்லாதவள்தான், மறுப்பதற்கில்லை. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் சொம்பைப் பால்காரன் கண்ணெதிரே சாக்கடையில் கவிழ்ப்பாள். பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் வாசல் தெளிக்கும்போது இரண்டு சொட்டு இந்தப் பக்கம் தெறித்தால் அன்றைக்குக் காலை முழுக்க அதே பேச்சு. ஆனால் சொன்ன சொல்லைத் தவறினாள் என்று ஒருவரும் அவளைச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துத் தருகிறேன் என்றால் ஜுரத்தோடாவது அறுத்துத் தருவாள். தான் அப்படி இருப்பதால், சொல் தவறுகிறவர்களை அவளால் மனுஷர்களில் சேர்க்கவே முடியவில்லை. அந்த வரிசையில் முதலில் நிற்பவர் அவள் அண்ணன்.

அண்ணனின் வாக்கு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், படவேட்டுக் கோயிலில் ரேணுகாம்பாளைக் கும்பிட அவரோடு கிளம்பினாள். அப்போது அவள் வயிற்றில் மூத்த பெண். சந்தவாசலில் பஸ் மாற வேண்டும். வந்த பஸ்ஸில் ஓர் ஆள் தொற்றிக்கொள்ளத்தான் இடம் இருந்தது. "நீ இங்கயே குந்திகினு இரு தெய்வா. நான் முன்னாடி போயி எடம் பார்த்துட்டு அடுத்த பஸ்ல வந்து உன்னக் கூட்டிகினு போறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் தொற்றிக்கொண்டார். டீக்கடை நிழலில் அவள் உட்கார்ந்தாள். நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போன பிறகு அண்ணன் வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், கையில் தேங்காய் மூடி. "பேஜார் பிடிச்ச கூட்டம்மா, உள்ளயே போக முடியல. உனக்கும் சேர்த்து நானே கும்பிட்டுட்டேன்" என்றார். உள்ளே போகாமல் குங்குமம் எப்படி வந்தது என்று அவள் கேட்பதற்குள் ஆரணி பஸ் வந்துவிட்டது.

இவ்வளவு தெரிந்தும் எண்பத்துநாலில் மறுபடியும் அவர் பேச்சை நம்பினாளே, அதுதான் விதி. தானாடாவிட்டாலும் தசையாடும் என்பது சும்மாவா?

சுவீடன் தேசத்தில் கோத்தன்பர்க் என்று ஒரு துறைமுகப் பட்டணம். நம் ஆட்கள் வாயில் அது கோத்தம்பாக்கம் ஆகிவிட்டது. அங்கே கோடைக்காலத்தில் ஒரு கைத்தொழில் பொருட்காட்சி நடந்தது. முந்தின வருஷம் சிவப்பிரகாசம் புடவை மூட்டைகளோடு தனியாகப் போய்வந்திருந்தார். இந்த வருஷம், தறியையும் அதில் நெய்கிற ஒரு பெண்ணையும் கூட்டிவந்தால் ஜனம் நின்று பார்க்கும் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். வேறு யாரையாவது கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். தங்கச்சி என்றால் ஒரு தட்டு ஜாங்கிரியோடு முடிந்துவிடும். ஜாங்கிரித் தட்டோடு வந்தார்.

"ஏரோப்ளேன்ல ஏத்தறேன்மா உன்ன. இந்தத் தெருவுல எவளுக்குக் கெடைக்கும்?"

"ஏத்தறது இருக்கட்டும். எறக்கி இன்னா காட்டுவ?" என்றாள் தெய்வநாயகி.

"ஊரு பூரா காட்டறேன். கடலு, கப்பலு, ஊருக்குள்ளயே படகு போற கால்வா, மீன் விக்கிறதுக்குக் கோயில் மாதிரி ஒரு கட்டடம். இன்னா இல்ல அங்க?"

கடல் என்ற சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். மெட்ராஸ் என்ன கண்காணாத தூரமா? இருந்தும் நாற்பது வயதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. அவள் நெய்த புடவைகள் மெட்ராஸுக்குப் போயின, அவள் போகவில்லை. ஒரு கப்பலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் யாரிடமும் சொல்லாத ஆசை. அதை அன்றைக்கு அண்ணனிடம் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் பேரமும் பேசினாள்.

"பொழுது கீற வரைக்கும் நெய்யறேன். விளக்கு வெச்சதுக்கப்பால தறியில குந்த மாட்டேன். அந்த நேரத்துல நீ என்னக் கூட்டிகினு போயி எல்லாத்தையும் காட்டணும். சந்தவாசல்ல உட்ட மாதிரி உட்டன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அந்தத் தெருவில் அது வழக்கம். வீட்டுப் பெண் விளக்கேற்றி வைத்துவிட்டால் அதற்குமேல் தறிச்சத்தம் கேட்காது. கரண்ட் வந்து குழல்விளக்கு எரிகிற வீடுகளிலும் அப்படித்தான். மழை இருட்டிக்கொண்டு வருகிறதென்று அவள் நாலு மணிக்கே ஏற்றினாலும், ஏன் இப்போதே ஏற்றினாய் என்று ஆம்பளைகள் கேட்பதில்லை. கேட்டால் தெரு சிரிக்கும்.

"எங்கம்மா மேல சத்தியம். விளக்கு வெச்சதும் உன்னக் கூட்டிகினு கெளம்பிடறேன்" என்றார் சிவப்பிரகாசம். செத்துப்போன தாயின் பேரில் இவ்வளவு ஜல்தியாக ஒருவன் சத்தியம் செய்தால் சந்தேகப்பட வேண்டாமா? தெய்வநாயகி படவில்லை. இராஜமாணிக்கம் மட்டும் மந்தக் காதை மச்சான் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோத்தன்பர்க் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜூன் மாசத்தில் குளிர் அடிக்கிற ஊர் ஒரு ஊரா? புடவைமேல் ஸ்வெட்டர், செருப்புக்குள் காலுறை. கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். சாப்பிடப் பலகை மாதிரி ஒரு ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, உப்பில் ஊறின மீன். மீன் தின்கிற சாதிதான் அவள். ஆனால் காரமே படாமல் சக்கரையில் புரட்டிய மீனை அவள் தட்டிலேயே விட்டாள். ஏலக்காய் போட்டுச் சுட்ட ஒரு பன்னை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. அதற்காகவும் எரிச்சல்பட்டாள்.

பெரிய கூடத்தின் நடுவில், மிதிக்கட்டைக்குக் குழி வெட்ட வழியில்லாததால் பலகைமேடை கட்டி அதன்மேல் தறியை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் அண்ணனின் புடவைகள், அலங்காரத்துக்குப் பித்தளைக் குடம், காமாட்சி விளக்கு, நடராஜர். ஜனம் வந்து நின்று பார்த்தது. குனிந்து அவள் காலைப் பார்த்தது, கையைப் பார்த்தது, மூக்குத்தியைப் பார்த்தது. போட்டோ எடுத்தது. மிருகக்காட்சிசாலையில் இருப்பவற்றுக்காவது சாயங்காலம் கூண்டைச் சாத்துவார்கள். இங்கே சாயங்காலம் என்பதே வரவில்லை.

முதல் நாள் அவள் ஜன்னலைப் பார்த்தபடி நெய்தாள். பசி எடுத்தது, சாப்பிட்டாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். வெயில் அப்படியே இருந்தது. வந்த விருந்தாளி எழுந்து போகாமல் இருப்பதுபோல சூரியன் கூரைகளுக்குமேல் உட்கார்ந்துகொண்டே இருந்தது. கூட்டம் குறைந்தது, வெயில் குறையவில்லை. கடைசியில் பின்னால் இருந்த தங்கும் அறைக்குப் போய்ப் படுக்கையில் விழுந்தபோதும் திரைச்சீலை ஓரமாக வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"இன்னாணா இது, பொழுதே சாயல?" என்று மறுநாள் கேட்டாள்.

"ஊரு அப்படிம்மா. இன்னிக்கு சாயும் பாரு" என்றார் அண்ணன். அவருக்கு ஒரு கடைக்காரனைப் பார்க்கிற வேலை. ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடை அந்த வெள்ளைக்காரனுடையது. கடைசி நாள் தன் கண்முன்னால் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால் அதைக் கடை ஜன்னலில் தொங்கவிட்டு, வருஷாவருஷம் ஆரணிப் பட்டு வாங்குவதாக அவன் சொல்லியிருந்தானாம். புடவை முடியாவிட்டால் ஒன்றும் இல்லையாம். அதனால் தங்கச்சி உட்கார வேண்டும், நெய்ய வேண்டும்.

சிவப்பிரகாசம் உட்காரவில்லை. மத்தியானமானால் தலைவாரிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வந்து தறியோரம் ஒரு முக்காலி போட்டு, பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வார். அதுதான் பொறுக்க முடியாத கொடுமை. சந்தவாசலிலாவது குங்குமத்தோடு விட்டார்.

"இன்னிக்கு அந்தப் படகுல போனேன் தெய்வா. ஒரு பாலம் வருது, தண்ணியோட தண்ணியா அவ்ளோ தாழ்வா கீது. எல்லாரும் சீட்டை உட்டு எறங்கிக் கீழ குனிஞ்சிக்கணும். வெள்ளைக்காரனும் குனியறான், வெள்ளைக்காரியும் குனியறா. ஒரே சிரிப்பு."

"உன் தலை தப்பிச்சுதா?"

"ஏம்மா கேக்கற?"

"சும்மாதான் கேட்டேன்."

இன்னொரு நாள் ஒரு பெரிய தோப்புக்குப் போய் மீசை வைத்த கடல்நாய் பார்த்தாராம். மற்றொரு நாள் ராட்டினங்கள் சுற்றும் பூங்கா. ரயில் மாதிரி ஒன்று மேலே ஏறித் தலைகுப்புற விழுகிறதாம், அதில் இரண்டு தடவை ஏறினாராம். ஊர் நடுவே கையில் மீனோடு ஒரு ராட்சசச் சிலை, உடம்பில் பொட்டுத் துணி கிடையாதாம்.

"ஊரு பூரா துணிக்கடை வெச்சிகினு அவனுக்கு ஒரு கோவணம் கட்ட நாதியில்லியா?" என்றாள் தெய்வநாயகி, தறியின் ஓடத்தைப் பாவு நூலுக்கிடையே தள்ளிக்கொண்டே. அண்ணன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரித்தது அவளுக்கு இன்னும் எரிந்தது.

அந்த ஊருக்கு ஒரு பண்டிகை வந்தது. இலை சுற்றின ஒரு கம்பத்தை நட்டு, பெரியவர்களும் குழந்தைகளும் அதைச் சுற்றித் தவளைபோலத் தத்துகிற பண்டிகை. பொருட்காட்சிக்கு அன்று விடுமுறை. இன்றைக்காவது என்று அவள் தலையில் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு நின்றாள். அண்ணன் வந்தார். "கூட்டம் இல்லாத நாளும்மா. இன்னிக்கு நெய்ஞ்சா நாலு நாள் வேலை ஓடும்" என்றார். "பொழுது கீற வரைக்கும்னு நீதானே சொன்ன?" என்று சேர்த்துக்கொண்டார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, அவர் மட்டும் தவளை ஆட்டம் பார்க்கப் போனார். காலியான அந்தக் கூடத்தில் தறிச்சத்தத்தோடு அவள் அன்று பேசிய பேச்சுகளை இங்கே எழுதினால் அச்சுக்கோப்பவர் கோபித்துக்கொள்வார்.

வருகிறவர்களுக்கு அவர்கள் பாஷையில் விளக்கம் சொல்ல அம்மணி என்று ஒரு பெண் இருந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி, புருஷனுக்கு அந்த ஊரில் பேரிங் கம்பெனியில் வேலை. தெய்வநாயகியின் முகம் நாளுக்கு நாள் கறுத்துவருவதைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

"ஏனுங்க்கா, ஊரே சுத்திப் பாக்கலீங்களா நீங்க? இங்கயேதான் உக்காந்திருக்கறீங்க."

"பொழுது சாயட்டும்னு கீறேன்" என்றாள் தெய்வநாயகி.

அம்மணிக்குப் புரியவில்லை. பேரத்தை விளக்கிச் சொன்னதும் அவள் வாய்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த மாசத்துல இங்க பொழுது சாயறப்ப நம்மூருல எல்லாரும் ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சிருப்பாங்க. மறுபடி விடியறதும் அப்படித்தான், கோழி கூப்பிடறக்குள்ள விடிஞ்சிரும். உங்கண்ணனுக்குத் தெரியாதுங்களா? போன வருசமும் இதே மாசந்தானுங்களே வந்தாரு. எங்கூட்டுக்குச் சாப்பிட வந்தவரு, ராச்சாப்பாடு முடிஞ்சு வெயில்ல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாரு."

தெய்வநாயகியின் கை ஓடத்தின்மேல் நின்றுவிட்டது. இத்தனை நாளும் அவள் சூரியனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அது என்ன செய்யும்? ஜாங்கிரித் தட்டோடு வந்து உட்கார்ந்தபோதே அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் 'பொழுது கீற வரைக்கும்' என்று சொல்லச் சொல்ல, உள்ளுக்குள் குளிர்ந்துபோய்த்தான் அம்மாவின் பேரில் சத்தியம் செய்திருக்கிறார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. சொந்த ரத்தம் ஏமாற்றினால் வருகிற ஆத்திரம் வேறு. அதில் பாதி வெட்கம்.

அண்ணன் வந்ததும் நேராகவே கேட்டாள். "போன வருஷமே தெரியுமா உனக்கு, இங்க பொழுது சாயாதுன்னு?"

சிவப்பிரகாசம் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். "பேச்சு நீ பேசினதுதானேம்மா? நானா சொன்னேன் பொழுது கீற வரைக்கும்னு? புடவை முடியட்டும், அப்பால பார்க்கலாம். கடலு எங்க ஓடிப்போவுது?"

"நாளைக்குப் புடவையை அறுக்கறோம். நாளன்னிக்கு ஏரோப்ளேன்."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

அவள் அதற்குமேல் பேசவில்லை. தெய்வநாயகி பேசாமல் இருந்தால் ஆரணியில் அந்தத் தெருவே உஷாராகிவிடும். அண்ணனுக்கு அந்த புத்தி இல்லை.

கடைசி நாள். புடவையில் முந்தானை மட்டும் பாக்கி. ஜவுளிக்கடைக்காரன் கோட்டுப் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியோடு வந்து முன்வரிசையில் நின்றான். கூட்டம் சுற்றி நின்றது. ஜன்னல் முழுக்க வெயில். தெய்வநாயகி தறியை விட்டு இறங்கினாள். அலங்காரத்துக்கு வைத்திருந்த காமாட்சி விளக்கை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தலைக்குத் தடவுகிற தேங்காயெண்ணெயை ஊற்றி, பஞ்சைத் தொடையில் வைத்துத் திரித்துத் திரி போட்டாள். அம்மணியிடம் தீப்பெட்டி கேட்டாள். தீக்குச்சிக்குப் பேர்போன தேசம் அது. ஒரே உரசலில் பற்றியது. விளக்கைத் தறியோரம் மேடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"விளக்கு வெச்சாச்சி. வா, கடலைக் காட்டு."

சிவப்பிரகாசத்தின் முகம் செத்துவிட்டது. ஆரணியாக இருந்தால் அத்தோடு முடிந்தது விஷயம். பெண் ஏற்றின விளக்கை ஏன் ஏற்றினாய் என்று கேட்கும் வாய் அந்தத் தெருவில் எவனுக்கும் இல்லை. அண்ணனுக்கும் அது நன்றாகத் தெரியும். அவர் ஜன்னலைக் காட்டினார், புடவையைக் காட்டினார், கடைக்காரனைப் பார்த்து இளித்தார். "தெய்வா, மானத்தை வாங்காத. முந்தானைதானே, முடிச்சிடுமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போது ஒரு காவல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தீபத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அம்மணி அவரிடம் பேசினாள். அவர் தலையாட்டினார், வாசல் பக்கம் கை காட்டினார். "துணிக்குப் பக்கத்துல வேண்டாங்கறாருங்க. வெளிய கல்படியில வெச்சா ஒண்ணும் தொந்தரவில்லீங்களாம்" என்று அம்மணி சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

அதைக் கேட்க சிவப்பிரகாசத்துக்குப் பொறுமை இல்லை. கடைக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைத்தான் அவர் பார்த்தார். சட்டென்று குனிந்து, விளக்கை வாயால் ஊதி அணைத்தார்.

எங்கள் பக்கத்தில் விளக்கை அணை என்றுகூடச் சொல்லமாட்டார்கள். குளிர வை என்பார்கள். பூவால் ஒற்றுவார்கள், இல்லை திரியை எண்ணெய்க்குள் இழுப்பார்கள். வாயால் ஊதினால் ஏற்றினவள் தாலிக்கு ஆகாது, எதிரிகூட அதைச் செய்யமாட்டான். தாலி கட்டின பெண் ஏற்றின விளக்கை, கூடப்பிறந்தவன், அவள் கண்ணெதிரே ஊதினான். புகை நூலாக எழும்பி முந்தானை இல்லாத அந்தப் புடவைமேல் போனது. தெய்வநாயகிக்கு முதலில் வந்தது கோபமில்லை, பயம். ஆயிரம் காதத்துக்கு அப்பால் மந்தக் காதோடு தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டிருக்கும் மனுஷன் கண்முன் வந்தார். கை தானாகத் தாலியைப் பிடித்தது. பிறகுதான் கோபம் வந்தது. வந்தது போகவே இல்லை.

அவள் தறியை அப்படியே விட்டாள். பாவு நூலை அறுக்கவும் இல்லை. பாதிப் புடவையை அறுக்க நெய்கிறவள் கை வராது. செருப்பை மாட்டிக்கொண்டு, "நீ கூட்டிகினு போறியாமா?" என்று அம்மணியைக் கேட்டாள். இருவரும் வெளியே நடந்தார்கள். பின்னாலிருந்து "தெய்வா, தெய்வா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கடைக்காரனும் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

ஒரே நாளில் அம்மணி அவளுக்கு ஊரைக் காட்டினாள். படகில் ஏற்றினாள். தாழ்ந்த பாலம் வந்தபோது எல்லோரும் இறங்கிக் குனிந்துகொண்டார்கள்; தெய்வநாயகி விறைப்பாக உட்கார்ந்தே இருந்தாள். அன்றைக்கு யாருக்காகவும் எதற்காகவும் குனிகிற மனநிலையில் அவள் இல்லை. அம்மணிதான் பதறிப்போய்த் தோளைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கோயில் மாதிரி இருந்த மீன் கட்டடத்துக்குள் போனார்கள். ஐஸ்மேல் அடுக்கிய மீன்களைப் பார்த்து, "செத்த மீனுக்கு இவ்ளோ பெரிய கோபுரமா?" என்றாள். துணியில்லாத ராட்சசனைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டாள்.

டிராமில் கடைசி நிறுத்தம்வரை போனார்கள். இறங்கினால் பாறை. செடிகொடி இல்லாத மொட்டைப் பாறைகள், அதன்மேல் ஜனங்கள் காக்காய்போல உட்கார்ந்து வெயில் காய்ந்தார்கள். அதற்கு அப்பால் கடல். முடிவே இல்லாமல் கிடந்தது. தெய்வநாயகி பாறை நுனிவரை போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் வந்தது. டென்மார்க் போகிற கப்பல் என்றாள் அம்மணி. அது நம் கடைத்தெருவையே பெயர்த்து மிதக்கவிட்டதுபோல் இருந்தது. மூக்கு முதல் வால்வரை, அடுக்கடுக்கான ஜன்னல்களோடு, அவள் முன்னால் முழுசாகக் கடந்துபோனது.

நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல அவள் நாக்கு வரவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அம்மணி நினைத்துக்கொண்டாள்.

"இதைக் காட்ட அவனுக்கு இன்னாமா செலவு? கூட்டிகினு வந்து நிறுத்தினா தானா வருது, தானா போவுது. இதுக்குக்கூட அவனுக்கு மனசு வரலியே" என்றாள் தெய்வநாயகி. அம்மணி தன் பையைத் திறந்தாள். ஏலக்காய் பன் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டே தெய்வநாயகி அழுதாள்.

விமானத்தில் அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் பேசாமல் வந்தார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டில் இராஜமாணிக்கம் முழு உருவமாக நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும், "ஏன் இப்படி எளைச்சிப்போயி கீற? சோறு ஆக்கித் துண்றதுக்கு இன்னா கேடு?" என்று ஆரம்பித்தாள். விளக்கு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லப் பயந்தாள். சொன்னால் பலித்துவிடும் என்று ஒரு பயம். அவருக்கு இருமல் வந்தாலே ராத்திரி தூக்கம் போனது.

சிவப்பிரகாசம் மட்டும் வாயை மூடவில்லை. கோத்தம்பாக்கத்தில் தங்கச்சிக்கு என்னென்ன காட்டினேன் தெரியுமா என்று போகிற வருகிற இடத்திலெல்லாம் அளந்தார். படகில் ஏற்றினாராம், கடல்நாய் காட்டினாராம், கப்பலுக்குள்ளேயே கூட்டிப்போனாராம். கேட்டவர்கள், அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். தெய்வநாயகி அதையும் பொறுத்தாள். மூத்த பெண் வயசுக்கு வந்து வீட்டில் இருந்தாள். நாளைக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டும். பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆள். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடிப் பச்சையப்பன் வீட்டு நிச்சயதார்த்தத்தில் தெருவே கூடியிருந்தது. பாயில் ஆம்பளைகள் நடுவே சிவப்பிரகாசம், அவர் பக்கத்தில் இராஜமாணிக்கம். பேச்சு எப்படியோ சுவீடனுக்கு வந்துவிட்டது. அண்ணன் கப்பலில் ஏறி இறங்கி முடித்ததும் விருத்தாம்பாள், "தெய்வா வாயையே தொறக்க மாட்றாளே. அப்படி இன்னாதான் பார்த்துட்டு வந்தா?" என்று கேட்டாள்.

"அவளையே கேளுங்களேன்" என்றார் சிவப்பிரகாசம், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "சொல்லும்மா, அண்ணன் உனக்கு இன்னா இன்னா காட்டினேன்னு. உன் வாயால சொல்லு, இவங்க கேக்கட்டும்."

தாம்பூலத் தட்டோடு நின்ற தெய்வநாயகி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் துளி பயம் இல்லை. சீருக்கும் ஊருக்கும் கட்டுப்பட்டு இவள் பொய் சொல்வாள் என்று அவர் நம்பியிருந்தார். படகு, கப்பல் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அப்படியே இருக்கும். பெண்ணின் மணவறைக்குத் தாய்மாமன் வருவார். அவள் பெண் அங்கேதான், பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். இராஜமாணிக்கம் நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்.

"படகு, கடலு, கப்பலு எல்லாம் அம்மணின்னு ஒரு பொண்ணு காட்டினா" என்றாள் தெய்வநாயகி. "எங்கண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் காட்டினாரு. நான் ஏத்தி வெச்ச விளக்கை வாயால ஊதிக் காட்டினாரு."

 விருத்தாம்பாள் தன் தாலியைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பிரகாசம் வெற்றிலையை வாயருகே வைத்தபடி, "அது வந்து... அங்க நெருப்பு வைக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இராஜமாணிக்கம் மனைவியை ஒரு தரம் பார்த்தார்.  பாயிலிருந்து எழுந்து, மச்சான் பக்கத்தில் கிடந்த தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்துப் பாயில் போய் உட்கார்ந்தார்.